தோற்றவள் நாற்காலி

கூம்ஹெலிக்
செப்டம்பர் 14

அன்புள்ள நெரிஸ் அக்கா,

நீயும் உன் வலது முழங்காலும் சுகம்தானே? இங்கே அம்மா, அப்பா, நான், மழை எல்லோரும் சுகம்.

முதலில் உட்கார். நேற்று ஸ்குவாஷில் சாவி ட்ரெவரை மூன்றுக்குப் பூஜ்யம் அடித்துவிட்டேன்! மூன்றாவது கேம் ஒன்பதுக்கு ஒன்று. அந்த ஒன்றும் நான் சிரித்துக்கொண்டிருந்தபோது போனது. ரக்பி கிளப்புக்குப் பின்னால் இருக்கும் நம் இரண்டு கோர்ட்டுக்கும் சாவி தன்னிடம் இருப்பதாலேயே இருபது வருஷமாக ஊர் சாம்பியனாக இருந்தவர் அவர். மட்டையை உறையில் போட்டுக்கொண்டே, "உங்கக்கா பதினெட்டு வயசுலயே என்னை ஜெயிச்சுட்டா. உனக்கு இருபத்திரண்டு ஆயிருக்கு. ரொம்பத் துள்ளாதே" என்றார். தோற்றாலும் வாய் மட்டும் குறையவில்லை.

இன்னும் எழுந்திருக்காதே. ஜனவரியில் கார்டிஃபில் நடக்கும் வேல்ஸ் பெண்கள் அணித் தேர்வுப் போட்டிக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள்! வேலைக்கு நடுவே பல் டாக்டர் ரிசப்ஷனில் உட்கார்ந்துதான் கடிதத்தைப் பிரித்தேன். நான் போட்ட சத்தத்தில் உள்ளே டாக்டர் தப்பான பல்லைப் பிடித்திருப்பார் என்று சிப்ஸ் கடை நடத்தும் சிப்ஸ் பெரில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சமாசாரம் இதுதான். ஏப்ரலில் ஐரோப்பியப் போட்டிக்குப் போகும் அணியில் மூன்று பேர். கிளெனிஸுக்கும் கேட்ரினுக்கும் இடம் முடிவாகிவிட்டது. மூன்றாவது இடம் இப்போது உன்னுடையது. புதியவள் யாராவது இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டால் அந்த இடம் அவளுக்கு. யாரும் வராவிட்டால் பழையபடி உனக்கு. இதைப் படித்ததும் கடிதத்தைக் கொஞ்ச நேரம் டிராயரில் போட்டு மூடினேன். ஆனால் கொஞ்சம்தான்.

ஒன்று கேட்க வேண்டும். போன கடிதத்தில் என்ன சாப்பிட்டாய் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். ஸ்கோர் ஒரு வரிகூட இல்லையே, ஏன்?

முழங்காலுக்கு ஐஸ் வை. பதில் போடு.

துள்ளிக்கொண்டிருக்கும் தங்கை,
அன்வென்


கோப்லென்ஸ்
அக்டோபர் 2

என் அன்வென்,

நான் நலம். முழங்காலும் நலம் என்று அதுவே சொல்லச் சொன்னது. அம்மாவுக்கு அந்தத் தோள்வலி விட்டதா?

உன் கடிதத்தை ரயிலில் படித்துவிட்டு நானும் கத்தினேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் தன் பையை எடுத்துக்கொண்டு வேறு பெட்டிக்குப் போய்விட்டார். ட்ரெவரை ஒன்பதுக்கு ஒன்றா! நான் ஜெயித்த அன்று அவர் எனக்கு மூன்று நாள் கோர்ட் சாவி தரவில்லை. உனக்குத் தந்தாரா?

தேர்வுக்கு வா. நன்றாக ஆடு. முன்சுவர் ஓரத்தில் விழும் பந்துக்கு நீ எப்போதும் அரை நொடி தாமதமாகக் கிளம்புகிறாய், அதை மட்டும் சரி செய்.

நான் சம்பளத்துக்கு ஆடும் இந்த ஜெர்மன் கிளப்பின் தலைவர் ஹெர் பிராண்ட், வேல்ஸ் சிவப்புச் சட்டையில் நான் நிற்கும் படத்தைப் பெரிதாக்கி வாசலில் ஒட்டியிருக்கிறார். வாராவாரம் என்னை நிறுத்தி, "அடுத்த வருஷமும் சட்டை உண்டுதானே, ஃப்ராய்லைன் பென்ரி?" என்று கேட்கிறார். உண்டு உண்டு என்கிறேன். இங்கே ஆப்பிளை மாவில் சுருட்டிச் சுட்டு ஒரு பலகாரம் செய்கிறார்கள், அதற்காகவே நீ ஒருமுறை வர வேண்டும். மேலே பொடித்த சர்க்கரை, பக்கத்தில் சூடான கஸ்டர்டு. சாப்பிட்டுவிட்டு ஓட முடியாது, அது ஒன்றுதான் குறை.

மழையில் நனையாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
நெரிஸ்


கூம்ஹெலிக்
அக்டோபர் 11

அக்கா,

அம்மாவின் தோள் பரவாயில்லை. உன் முழங்கால் சொன்னதை நம்பவில்லை.

தினமும் காலையில் சேப்பலுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஆறு முறை ஏறி இறங்குகிறேன். அப்பா நூலக வண்டியைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்து ஹாரன் அடிக்கிறார். புத்தகத்துக்குக் காத்திருக்கும் கிழங்கள் எல்லாம் வாசலில் நின்று, "க்விலிம், பொண்ணை அப்புறம் விரட்டு, முதல்ல என் கொலைக் கதையைக் குடு" என்று திட்டுகிறார்கள். பால் இட்ரிஸ் மட்டும் தன் பால் வண்டியை நிறுத்தி எனக்குக் கை தட்டுகிறார். ஓடி முடித்ததும் நாக்கு வெளியே தள்ளிவிடுகிறது, ஆனாலும் அக்கா, இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை! கனவில்கூட கோர்ட்டில்தான் நிற்கிறேன்.

நீ ஆப்பிளைச் சுருட்டி எழுதியதில் ஒரு வரியை விட்டுவிட்டாய். அதை நானே கேட்கிறேன். சட்டை போனால் அந்த ஹெர் பிராண்ட் உன்னைக் கழற்றிவிடுவாரா? கிளப் போனால் நீ ஊருக்குத் திரும்ப வேண்டியதுதானா? சொல். அப்படி என்றால் என் பெயரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பொய். வாங்க மாட்டேன். ஆனாலும் சொல்.

வேளாவேளைக்குத் தூங்கு.

அன்வென்


ஹாங்காங்
நவம்பர் 20

அன்புத் தங்கைக்கு,

இங்கே வெயில், நல்ல சுகம், வியர்வை. நீங்கள் அங்கே ஹீட்டரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், எல்லோருக்கும் சளி இல்லையே?

அன்வென், நான் ஜெயித்தேன்! உலகத்தில் பதினோராவது இடத்தில் இருக்கும் ஆஸ்திரேலியாக்காரியை எண்பத்து நான்கு நிமிஷம் ஆடி ஐந்தாவது கேமில் ஜெயித்தேன். கடைவீதி நடுவே நாலு பக்கமும் கண்ணாடி வைத்த கோர்ட். ஜனங்கள் காய்கறிப் பையோடு நின்று பார்க்கிறார்கள். நாலாவது கேமில் நான் ஐந்துக்கு எட்டு பின்னால். ஒரு பாட்டியம்மா கண்ணாடியில் விரல் முட்டியால் தட்டி ஏதோ கத்தினார். திட்டினாரோ, வாழ்த்தினாரோ, அடுத்த நாலு புள்ளியும் எனக்கு. முடிந்ததும் அவரே வந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கையில் திணித்துவிட்டுப் போனார். தோலோடு தின்றுவிடுவேன் போல் இருந்தது, அவ்வளவு வெறி.

இருபது வயதில் பல் டாக்டர் ரிசப்ஷனை உனக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேனே, அது இந்த மாதிரி ஒரு நாளுக்காகத்தான்.

நாளை அடுத்த சுற்று. இன்று இரண்டு கிண்ணம் நூடுல்ஸ். எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

நெரிஸ்


கூம்ஹெலிக்
டிசம்பர் 1

அக்கா, அக்கா, அக்கா!

சுகமா என்று கேட்கக்கூட நிதானமில்லை. பேப்பரில் உன்னைப் பற்றி நாலு வரி வந்திருக்கிறது. அப்பா அதை வெட்டி நூலக வண்டியின் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். இப்போது புத்தகம் எடுக்கிற ஒவ்வொருவரும் அதைப் படித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கிளப்பில் உன் போட்டோவுக்கு ட்ரெவர் புதுச் சட்டம் போட்டுவிட்டார்.

ஐந்தாவது வரியும் ஒன்று இருந்தது. அப்பா வெட்டும்போது அதை விட்டுவிட்டார். அடுத்த சுற்று பதினெட்டு நிமிஷத்தில் முடிந்ததாமே. பதினெட்டு நிமிஷத்தில் நீ தோற்கிறாய் என்றால் முழங்கால் என்ன ஆயிற்று?

தேர்வுப் போட்டி அட்டவணை வந்துவிட்டது. அரையிறுதி வரை வந்தால் உனக்குக் கிளெனிஸ், எனக்குக் கேட்ரின். வடக்குக்காரி கேட்ரின்! போன வருஷம் "தெக்குக்காரங்களுக்கு வாய் ஓடுற வேகம் கால் ஓடாது"ன்னு சொன்னவள். ஓட்டிக் காட்டுகிறேன்.

நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

கிறிஸ்துமஸுக்கு வருகிறாய்தானே? உடம்பைப் பார்த்துக்கொள், கால் முக்கியம்.

அன்வென்


கோப்லென்ஸ்
டிசம்பர் 18

அன்வென்,

நலம். நீயும் அப்படியே இரு.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. நேரே கார்டிஃபுக்கு வருகிறேன். முழங்காலைப் பற்றி அம்மாவிடம் மூச்சு விடாதே. டாக்டர் ஊசி போட்டிருக்கிறார், ஓடுகிறது.

நீ பெயரை வாபஸ் வாங்கினால் செத்தாலும் உன்னோடு பேச மாட்டேன். வா, ஆடு, ஜெயி. மற்றதெல்லாம் என் கவலை.

அம்மாவின் கேக்கில் என் பங்கை எடுத்து வை.

நெரிஸ்


கோப்லென்ஸ்
ஜனவரி 17

அன்புள்ள அன்வென்,

வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். நீ விழுந்ததில் முழங்கை சிராய்த்ததே, ஆறிவிட்டதா?

கார்டிஃபில் நீ என்னைப் பார்க்காமலே அப்பாவின் வண்டியில் ஏறிவிட்டாய். கதவைத் தட்டினேன். கண்ணாடியை இறக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். உன் பக்கத்திலிருந்து எப்படித் தெரிந்ததோ எனக்குத் தெரியாது. நடுவர் நாற்காலியிலிருந்து இப்படித்தான் இருந்தது.

கிளெனிஸிடம் நான் தோற்றேன். தோற்றவள் அடுத்த ஆட்டத்துக்கு நடுவராக உட்கார வேண்டும். இது பத்து வயதிலிருந்து நம் இருவருக்கும் பழகிய வழக்கம். வியர்வை காயாமலே ஏறி உட்கார்ந்தேன். அமைப்பாளர்தான், "தங்கச்சி ஆட்டத்துக்கு அக்காவா?" என்று இழுத்தார். கேட்ரின் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, "உக்காரட்டும் சார். நெரிஸ் நாக்குல பொய் வராது" என்றாள். நீயும் தலையாட்டினாய்.

அப்புறம் நீ ஆடிய ஆட்டம்! அன்வென், நாற்காலியின் கைப்பிடியை நான் பிய்த்துவிடாதது ஆச்சரியம். இரண்டு கேம் பின்னால் இருந்து சமன் செய்தாய். ஐந்தாவதில் எட்டுக்கு ஏழு, சர்வீஸ் உனக்கு. ஒரு புள்ளி எடுத்தால் இறுதி ஆட்டம், மூன்றாவது இடம், சட்டை. கேட்ரின் முன்சுவர் ஓரமாகப் பந்தை மெல்ல வைத்தாள். நீ பாய்ந்து, தரையோடு தரையாக விழுந்து அதைத் தோண்டி எடுத்தாய். பந்து சுவரில் பட்டு மூலையில் செத்து விழுந்தது. அரங்கமே எழுந்து நின்றது.

நான் "நாட் அப்" என்றேன். பந்து உன் மட்டையில் படுவதற்குள் இரண்டு முறை தரையில் குத்திவிட்டது என்று அர்த்தம். கேட்ரின்கூட எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். சர்வீஸ் அவளுக்குப் போயிற்று, எட்டுக்கு எட்டாகி ஆட்டம் பத்து வரை நீண்டு, பத்துக்கு எட்டில் அவள் ஜெயித்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்தால் சொல்லத்தான் வேண்டும். அந்த இடம் அதனால் எனக்கே திரும்பி வந்தது என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

நெரிஸ்


கூம்ஹெலிக்
பிப்ரவரி 12

அன்பு மகள் நெரிஸுக்கு அப்பா எழுதுவது,

நானும் அம்மாவும் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறோம்.

நான் கடிதம் எழுதுகிறவன் அல்ல. அன்வென் எழுதுவாள் என்று ஒரு மாதம் பார்த்தேன். எழுதவில்லை. வீட்டிலும் பேசுவதில்லை. தூங்கும்போதுகூடப் பேசுகிற பெண், உப்பை எடு என்பதற்குக்கூட விரலைக் காட்டுகிறாள். மட்டை மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது.

ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று வேறு யாராவது உனக்கு எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். சிப்ஸ் பெரில் உனக்குப் பெயர் வைத்துவிட்டாள். நாட் அப் நெரிஸ். இந்த ஊரில் பெயர் வைத்தால் கல்லறைக் கல் வரை கூடவே வரும் என்று உனக்குத் தெரியும். பாதிப் பேர் டேவிஸ், பாதிப் பேர் ஜோன்ஸ் என்று இருந்தால் வேறென்ன செய்வார்கள். ஆனால் இதை அவர்கள் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. "தங்கச்சிய மடக்கிட்டுத் தான் சட்டைய மாட்டிக்கிட்டா"ன்னு என் வண்டியில் ஏறியே சொல்கிறார்கள். இரண்டு பேருக்குப் புத்தகம் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தலைமை அலுவலகத்துக்குப் புகார் போயிருக்கிறது, போகட்டும்.

ட்ரெவர் விதிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "நடுவருக்குச் சந்தேகம் இருந்தா 'லெட்' குடுத்து அந்தப் பந்தை மறுபடி ஆடச் சொல்லணும். அவ ஏன் குடுக்கலே?" என்று கேட்டார். சந்தேகம் இல்லை, அதனால் கொடுக்கவில்லை என்றேன்.

மகளே, நானும் அங்கேதான் நின்றேன். எனக்குத் தெரியவில்லை. நீ பார்த்தாய்தானே? பார்த்தேன் என்று ஒரே ஒரு வார்த்தை எழுதிப் போடு. அதை வண்டிக் கண்ணாடியில் ஒட்டி இவர்கள் வாயை அடைத்துவிடுகிறேன்.

அம்மா கம்பளிக் காலுறை அனுப்புகிறாள்.

அப்பா


கூம்ஹெலிக்
மார்ச் 2

அன்புள்ள அக்கா,

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். எழுதத்தான் கை வரவில்லை. அப்பாவுக்கு நீயும் பதில் போடவில்லை. வாசலில் தபால் விழும் சத்தம் கேட்டாலே அவர் எழுந்து போய்ப் பார்க்கிறார்.

நேற்று வேல்ஸ் முழுக்கக் கொண்டாடும் புனித டேவிட் நாள். கிளப்பில் மதிய விருந்து. எல்லோர் சட்டையிலும் லீக் வெங்காயத் தண்டு, ஆட்டுக்கறி சூப், பாட்டு, வழக்கமான கூத்து. சாப்பிட்டு முடித்ததும் ட்ரெவர் எழுந்து நின்று, "கமிட்டியில பேசி முடிவெடுத்திருக்கோம். ஒரு போட்டோவை எடுத்துடலாம்னு" என்றார். போய் உன் போட்டோவை ஆணியிலிருந்து கழற்றினார். டிசம்பரில் அவரே புதுச் சட்டம் போட்ட போட்டோ. ஒருத்தர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

நான் நாற்காலியின் மேல் ஏறிவிட்டேன். "அத மாட்டுங்க! ரெண்டு குத்து! அந்தப் பந்து ரெண்டு குத்து குத்திச்சு!" என்று கத்தினேன்.

"என்னம்மா சொல்றே?" என்றார் ட்ரெவர்.

"மட்டையில பட்டப்பவே எனக்குக் கையில தெரிஞ்சுது. நானே கையத் தூக்கிச் சொல்லியிருக்கணும். சொல்லலே. அக்கா சொன்னா. அவ சொன்னது சரி. ஆறு வாரமா நீங்க அவளைத் திட்டினப்பல்லாம் நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். இப்பத் திட்டுங்க, நான் இங்கதான் நிக்கிறேன்."

முதலில் பால் இட்ரிஸ்தான், "அப்ப இவ ரெண்டுகுத்து அன்வென்" என்றார். பெரில் மேசையைத் தட்டிச் சிரித்தார். அவ்வளவுதான், முடிந்தது, செத்தாலும் இனி அதுதான் என் பெயர். இன்று காலை பல் பிடுங்க வந்தவர்கூட, "ரெண்டுகுத்து, டாக்டர் இருக்காரா?" என்றுதான் கேட்டார். உன் போட்டோ மறுபடி ஏறிவிட்டது, கொஞ்சம் கோணலாக.

அந்த ஒரு நொடி என்ன நினைத்தேன் தெரியுமா? நாற்காலியில் அக்காதானே, விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். நீ விடவில்லை. எனக்கு வந்தது கோபம் இல்லை, வெட்கம். கோபம் மாதிரி நடித்தால் வெட்கம் தெரியாது அல்லவா. என்னை மன்னித்துவிடு.

இதோ எழுதி முடித்ததும் ஓடப் போகிறேன். மாடிப்படிக்குக் கீழிருந்து மட்டையை எடுத்துவிட்டேன்! பசிக்கிறது, ஒரு மாதத்துக்கு அப்புறம்.

முழங்காலுக்கு முத்தம்.

உன் தங்கை,
அன்வென்


கூம்ஹெலிக்
ஏப்ரல் 9

அக்கா,

எப்படி இருக்கிறாய்? ஐந்து வாரமாகப் பதில் இல்லை. இன்னும் கோபமா? இருந்தால் இருக்கட்டும், ஐரோப்பியப் போட்டி முடியும் வரை தள்ளி வை. வியன்னாவில் முதல் பந்திலிருந்தே அடி. கிளப்பில் ரேடியோவைச் சுற்றி எல்லோரும் உட்காரப் போகிறோம். ஸ்குவாஷை ரேடியோவில் சொல்ல மாட்டார்கள் என்று ட்ரெவர் சொல்லிவிட்டார், இருந்தாலும் உட்காருவோம்.

முழங்காலில் கட்டிய துணியை அவிழ்க்காதே. ஜெயித்து வா!

ரெண்டுகுத்து அன்வென்


வியன்னா
ஏப்ரல் 21

என் அன்வென்,

உன் உடம்புக்கு ஒன்றுமில்லையே? அம்மா, அப்பா? எனக்கு முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருக்கிறது, நான் ஐஸ் வாளிக்குள் காலை விட்டுக்கொண்டு எழுதுகிறேன், இவ்வளவு சந்தோஷமாக என் ஆயுளில் இருந்ததில்லை.

மூன்றாவது பரிசு நமக்கு! அயர்லாந்தோடு ஆட்டம். கிளெனிஸ் ஜெயித்தாள், கேட்ரின் தோற்றாள். ஒன்றுக்கு ஒன்று. மிச்சம் நான். முதல் இரண்டு கேமும் போய்விட்டது. கேட்ரின் வந்து என் முகத்தில் தண்ணீரை ஊற்றி, "உன் தங்கச்சி ரெண்டு கேம் பின்னால இருந்து என்னைத் துரத்தினா. நீ அவ அக்காதானே? எழுந்திரு!" என்றாள். எழுந்தேன். ஒன்பதுக்கு ஆறு. ஒன்பதுக்கு ஏழு. ஐந்தாவதில் எட்டுக்கு எட்டு வரை வந்து, பத்துக்கு எட்டு. கடைசிப் பந்து அடிக்கிற இடத்தில் நான் ஒற்றைக் காலில் நின்றேன். கிளெனிஸ் என்னைத் தூக்கப் போய் இருவரும் விழுந்தோம். ஹெர் பிராண்ட் கோப்லென்ஸிலிருந்து ரயில் ஏறி வந்திருந்தார். அழுதார். அடுத்த வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நீ அக்டோபரில் கேட்டதற்கு இப்போது பதில். ஆமாம், சட்டை இல்லையென்றால் கழற்றிவிட்டிருப்பார். ஜூன் மாதம் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். நீ கேட்டாய், நான் ஹாங்காங் பாட்டியைப் பற்றி எழுதினேன்.

உன் மார்ச் கடிதம் ஐந்தாம் தேதியே வந்துவிட்டது. மடித்து மட்டை உறையில் வைத்திருந்தேன். எனக்குக் கோபம் என்று நீ நினைத்தாய். இல்லை. அதைப் படித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன், விட்டுப் போன மூச்சு திரும்பி வந்த மாதிரி. ஏன் என்று சொல்லத்தான் இத்தனை நாள் தைரியம் வரவில்லை. அப்பா, பார்த்தாயா என்று கேட்டார். அவருக்கும் இதுதான் பதில், நீயே படித்துக் காட்டு.

நான் பார்க்கவில்லை.

நீ பாய்ந்து விழுந்தபோது உன் தோள் பந்தை மறைத்துவிட்டது. ஒரு குத்தா, இரண்டு குத்தா, சத்தியமாக எனக்குத் தெரியாது. எல்லோரும் கத்தினார்கள். ட்ரெவர் தொப்பியை எறிந்தார். அப்பா யாரோ தெரியாத ஆளைக் கட்டிப் பிடித்தார். நீ மட்டும் கத்தவில்லை. சும்மா ஒரு புள்ளி எடுத்தாலே தெருக்கோடி வரை கேட்கக் கத்துகிறவள், வாழ்க்கையிலேயே பெரிய புள்ளியை எடுத்துவிட்டுத் தரையில் கிடந்தபடி வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாய். அதை வைத்துத்தான் சொன்னேன்.

அது தப்பு. ட்ரெவரின் புத்தகம் சொல்வதுதான் சரி. பார்க்கவில்லையென்றால் லெட், அந்தப் பந்தை மறுபடி ஆட வேண்டும். நான் கொடுக்கவில்லை. கொடுக்காததால் இடம் எனக்கு வந்தது. உன் கடிதம் வரும் வரை ஒவ்வொரு நாளும், தங்கையின் முகத்தைச் சரியாகப் படித்தேனா, இல்லை அவள் சட்டையைத் திருடினேனா என்று எனக்கே தெரியாமல் இருந்தேன்.

கேட்ரினிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் வாயில் இருந்த கேக்கோடு, "அப்ப அந்தப் பந்து இன்னும் முடியலே"ன்னு சொன்னாள். அந்தப் பந்தை மறுபடி ஆட, ஜூன் முதல் சனிக்கிழமை என்னோடு கூம்ஹெலிக்குக்கு வருகிறாள். அவளுக்குப் படுக்கை போடு, ட்ரெவரிடம் சாவி வாங்கி வை. நாற்காலியில் நான் உட்கார மாட்டேன், சுவரோரம் நின்று பார்க்கிறேன்.

ஐந்தாவது கேம். எட்டுக்கு ஏழு. சர்வீஸ் உனக்கு. இந்தத் தடவை ஜெயித்தால் கத்து.

உன் அக்கா,
நெரிஸ்